ஒண்ணுமே இல்லாமலா ஆரம்பிச்சாங்க? – அகியோ மோரிடாவின் 'மேட் இன் ஜப்பான்' படித்த குறிப்புகள்

குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு கட்டடம், சுமார் 20 ஆட்கள், முதலீடு 1,90,000 யென். அங்கிருந்து கிளம்பி சோனி என்கிற உலக நிறுவனம். இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் வாட்ஸப் ஃபார்வர்டுகளிலும் நீங்களும் பத்து தடவையாவது கேட்டிருப்பீர்கள். கதை எப்படித் தொடங்கினாலும் முடிவு ஒண்ணுதான்: அவங்ககிட்ட எதுவுமே இல்ல, நம்பிக்கை மட்டும்தான் இருந்தது, உங்களால் ஏன் முடியாது?

அந்த மூன்று தகவல்களும் சரியானவை. முடிவு மட்டும் தப்பு. இதைக் கண்டுபிடிக்க சோனியின் எதிரிகள் யாரும் எழுதிய புத்தகம் தேவையில்லை. நிறுவனர்களில் ஒருவரான அகியோ மோரிடாவே எழுதிய 'மேட் இன் ஜப்பான்' போதும். என்னென்ன இருந்தது, என்னென்ன இல்லை என்பதை அவரே சொல்லிக்கொண்டு போகிறார். நாம்தான் அதைப் பிரித்துப் பட்டியல் போடாமல் படிக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பட்டியல்.

முதலில் புத்தகத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. 1986-இல் ஆங்கிலத்தில் வந்தது. எட்வின் ரைன்கோல்ட் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளரும், மிட்சுகோ ஷிமோமுரா என்கிற ஜப்பானியப் பத்திரிகையாளரும் கூட எழுதியவர்கள். ஜப்பான் கார்களும் டிவிகளும் அமெரிக்கச் சந்தையை நிரப்பி, அமெரிக்கர்கள் கடுப்பில் இருந்த நேரம் அது. ஆகவே இது ஒரு நினைவுக் குறிப்பு மட்டும் இல்லை. அமெரிக்க வாசகருக்கு ஜப்பான் தரப்பு வாதத்தை எடுத்துச் சொல்லும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிப்பது நல்லது.

இருந்தவை – 1: காசு

மோரிடா 1921-இல் நகோயாவில் பிறந்தார். நகோயாவுக்குப் பக்கத்தில் கொசுகயா என்ற ஊரில் அவர்கள் குடும்பம் சாக்கே, அதாவது அரிசி மது, காய்ச்சிவந்தது. முந்நூறு வருஷத்துத் தொழில். அகியோ மூத்த பையன். 15-ஆம் தலைமுறை வாரிசு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா அவரை அலுவலகத்துக்கும் மது ஆலைக்கும் கூட்டிக்கொண்டுபோய் இயக்குநர் கூட்டங்களில் உட்கார வைத்திருக்கிறார்.

வீட்டில் எவ்வளவு வசதி என்பதற்கு ஒரு விஷயம் போதும். அம்மாவுக்கு மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் பிடிக்கும் என்பதால் அப்பா மின்சாரத்தில் ஓடும் இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினார். விலை 600 யென். அந்தக் காலத்தில் 1,500 யென்னுக்கு ஜப்பானில் தயாரான ஒரு காரே கிடைக்கும் என்று மோரிடா சொல்கிறார். அந்தப் பெட்டியின் ஒலியைக் கேட்ட வியப்பில்தான் பையன் வானொலி, ஒலிப்பெருக்கி என்று கழற்றிப் பூட்ட ஆரம்பித்தான். ஆக, சோனியின் விதை ஒரு பணக்கார வீட்டு வரவேற்பறையில் விழுந்தது.

1946-இல் கம்பெனி தொடங்க முடிவானதும், இபுகாவும் (இவரைப் பற்றிக் கீழே) அவருடைய மாமனாரும் மோரிடாவும் ரயிலேறி கொசுகயா போனார்கள். எதுக்கு? மூத்த மகனைக் குடும்பத் தொழிலிலிருந்து விடுவித்துத் தரும்படி அப்பாவிடம் கேட்க. அன்றைய ஜப்பானில் அது ஏறக்குறைய தத்து கேட்பது மாதிரி. அப்பா சம்மதித்தார். தம்பி குடும்பத் தொழிலை ஏற்றுக்கொண்டார். அதோடு அப்பா புதுக் கம்பெனிக்குக் கடனும் கொடுத்தார். பிறகும் தேவைப்பட்டபோதெல்லாம் கொடுத்தார். திருப்பிக் கேட்டு நெருக்காமல் கடனுக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கிக்கொண்டார். மோரிடா குடும்பம் பெரிய பங்குதாரர் ஆனது அப்படித்தான்.

இந்தப் பணத்தோட அருமை அளவுல இல்ல, பொறுமையில. வட்டிக்காரர் காசு ஆறு மாசத்தில் கதவைத் தட்டும். இது தட்டவில்லை.

இருந்தவை – 2: ஆட்கள்

மசாரு இபுகா மோரிடாவைவிட 13 வயது மூத்தவர். 1908-இல் பிறந்தவர், வசேதா பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். மாணவராக இருந்தபோதே செய்த ஒரு நியான் விளக்குக் கருவிக்குப் பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கியவர். போர்க்காலத்தில் அளவீட்டுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். மோரிடா ஒசாகாவில் இயற்பியல் படித்துக் கடற்படையில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். வெப்பத்தைத் தேடிப்போய்த் தாக்கும் ஆயுதம் ஒன்றை ஆராயும் குழுவில் இருவரும் சந்தித்தார்கள்.

ஆயுதம் உருப்படவில்லை, நட்பு உருப்பட்டது. போர் முடிந்ததும் இபுகா டோக்கியோவுக்கு வந்தபோது தனியாக வரவில்லை. தன்னுடைய பழைய ஆட்களில் ஏழு பேரோடு வந்தார். நிஹோன்பாஷியில் ஷிரோக்கியா என்ற பல்பொருள் அங்காடியின் சிதைந்த கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இடம் பிடித்தார். நம்ம ஃபார்வர்டில் வரும் எரிந்த கட்டடம் இதுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் அரசாங்கச் செலவில் பல வருஷம் நுட்பமான மின்னணு வேலை பழகிய குழு. இன்றைய பாஷையில் சொன்னால், கம்பெனிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே டீம் தயார்.

அங்கே அவர்கள் செய்தது ரேடியோ ரிப்பேர். போர்க்காலத்தில் சிற்றலை ஒலிபரப்பு கேட்கத் தடை இருந்தது. தடை நீங்கியதும் எல்லாருக்கும் வெளிநாட்டுச் செய்தி வேண்டும். சாதாரண ரேடியோவில் சிற்றலை கேட்க உதவும் ஒரு சின்ன இணைப்புக் கருவியை இபுகா செய்து விற்றார். 1945 அக்டோபர் 6 அன்று அசாஹி நாளிதழின் 'நீலப் பென்சில்' பத்தியில் இதைப் பற்றிக் குறிப்பு வந்தது. கொசுகயாவில் இருந்த மோரிடா அதைப் படித்துவிட்டு இபுகாவுக்குக் கடிதம் போட்டார்.

மோரிடாவுக்கு அப்போது டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியர் வேலை தயாராக இருந்தது. அதை வைத்துக்கொண்டே இபுகாவோடு பகுதிநேரமாக வேலை பார்த்தார். முன்னாள் ராணுவ அதிகாரிகள் கற்பிக்கக் கூடாது என்று ஆக்கிரமிப்பு நிர்வாகம் உத்தரவு போட, அதையே சாக்காகச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கழன்றுகொண்டார். துணிந்து குதித்தார் என்று சொல்வதைவிட, ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்பது சரி.

இருந்தவை – 3: கதவுகள்

1946 மே 7 அன்று 'டோக்கியோ சூஷின் கோக்யோ' பதிவானது. டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல் நிறுவனம் என்று பொருள், சுருக்கமாக தோட்சுகோ. முதல் தலைவர் இபுகாவும் இல்லை, மோரிடாவும் இல்லை. இபுகாவின் மாமனார் தமோன் மாயேதா. அவர் யார்? போர் முடிந்தவுடன் அமைந்த அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர். பெரிய வங்கி ஒன்றின் முன்னாள் தலைவரான ஜுன்ஷிரோ மந்தாய் பின்னர் ஆலோசகராக வந்து சேர்ந்தார். மழை பெய்தால் மேசைமேல் குடை விரிக்கவேண்டிய ஓட்டைக் கூரைக் கம்பெனிக்கு, முன்னாள் அமைச்சர் தலைவர். பெரிய வங்கிக்காரர் ஆலோசகர்.

தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் இபுகாவுக்குத் தெரிந்தவர் இருந்தார். ஒலிபரப்புக் கருவிகளைப் புதுப்பிக்கும் ஆர்டர் அந்த வழியாக வந்தது. இந்தக் கதவு திறக்காவிட்டால் அடுத்து வரும் டேப் ரெக்கார்டர் கதையே கிடையாது.

சரி, இதெல்லாம் இருந்தது. இப்போ இல்லாததைப் பார்ப்போம். ஏன்னா, புத்தகத்தில் ருசியான பகுதி அதுதான்.

இல்லாதவை – 1: புழங்கும் பணம்

இவ்வளவு பின்புலம் இருந்தும் ரொக்கத்துக்குத் திண்டாட்டம். காரணம் தனிப்பட்டது இல்லை. பணவீக்கத்தை அடக்க 1946 பிப்ரவரியில் ஜப்பான் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கியது. பழைய யென் நோட்டுகளைச் செல்லாது ஆக்கிப் 'புது யென்' கொண்டுவந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென், மற்றவர்களுக்கு ஆளுக்கு 100 யென் என்று மட்டுமே கணக்கிலிருந்து எடுக்கலாம். வங்கியில் எவ்வளவு இருந்தாலும் கையில் சுற்றும் காசு வேண்டுமென்றால் யாருக்காவது எதையாவது விற்றாகணும்.

அதனால் என்ன விற்றார்கள்? ஒரு முயற்சி, மின்சார அரிசிப் பானை. மரத் தொட்டி, அடியில் அலுமினியத் தகடுகள். ஈர அரிசி வழியாகவே மின்சாரம் ஓடும். அரிசி வெந்து தண்ணீர் வற்றினால் மின்தடை கூடி ஓட்டம் தானே நின்றுபோகும். யோசனையாகப் பார்த்தால் அழகு. தனியாக ஹீட்டர் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். ஆனால் அரிசியும் தண்ணீரும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்குமா? ஒருநாள் குழைந்தது, ஒருநாள் நறுக்கரிசியாக நின்றது. உள்ளீடு உன் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வெளியீடும் இருக்காது என்பதற்கு இதைவிட எளிமையான பாடம் நான் எங்கள் துறையில்கூடப் பார்த்ததில்லை. பானை கடைக்கே போகவில்லை.

அடுத்தது மின்சார மெத்தைத் திண்டு. இரண்டு காகிதங்களுக்கு நடுவே சூடேற்றும் கம்பியை ஒட்டி, மேலே துணி தைத்தது. வெப்பக் கட்டுப்பாடு என்று ஒன்று கிடையாது. வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள். குளிருக்கு எரிபொருள் இல்லாத காலம், விற்றுத் தீர்ந்தது. போர்வை கருகியது என்று புகாரும் வந்தது. கவனிக்கவேண்டிய விஷயம், இதைத் தோட்சுகோ என்ற பெயரில் விற்கவில்லை. கின்சா என்று தொடங்கும் வேறொரு கம்பெனிப் பெயரில் விற்றார்கள். பெயரைப் பற்றிய அந்தக் கவனம் அப்போதே இருந்திருக்கிறது. பின்னால் மறுபடியும் வரும்.

இல்லாதவை – 2: மூலப்பொருள்

என்.எச்.கே. அலுவலகத்தில் அமெரிக்க டேப் ரெக்கார்டர் ஒன்றை இபுகா பார்த்தார். அதற்கு முன்னால் கம்பியில் ஒலிப்பதியும் கருவி செய்யத்தான் யோசித்திருந்தார்கள். ஆனால் அந்த நுண்ணிய எஃகுக் கம்பியைச் செய்யக்கூடிய பெரிய ஆலை இவர்களுடைய சின்ன ஆர்டருக்கு மசியவில்லை. டேப்பைப் பார்த்ததும், இதுதான் நம்ம பொருள் என்று முடிவு. பெருக்கி, மோட்டார், ஒலித்தலை எல்லாம் செய்யத் தெரியும். டேப்? அதற்கு வேண்டிய பிளாஸ்டிக்கே ஜப்பானில் கிடையாது. இறக்குமதிக்கும் வழியில்லை.

செல்லோபேனை நீளமாக வெட்டிப் பார்த்தார்கள். இழுத்தால் நீண்டு ஒலி கோணியது. மிச்சம் இருந்தது காகிதம். நல்ல வழவழப்பான காகிதத்தை வரவழைத்து, ஆய்வுக்கூடத் தரையில் நீட்டிப்போட்டு, சவரப் பிளேடால் கால் அங்குல அகலத்துக்கு வெட்டினார்கள்.

மேலே பூசக் காந்தப் பொடி வேண்டும். முதலில் காந்தத்தையே அரைத்துப் பூசினார்கள். காந்தசக்தி அதிகமாகி இரைச்சல்தான் பதிந்தது. நொபுதோஷி கிஹாரா என்ற இளம் பொறியாளர் இரும்பு ஆக்சலேட்டைச் சுட்டால் வேண்டிய ஆக்சைடு கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். அவரும் மோரிடாவும் டோக்கியோவின் மருந்து மொத்த வியாபாரத் தெருவில் அலைந்து அந்த ரசாயனத்தை வாங்கிவந்தார்கள். மின்னுலை இல்லை. வாணலியில் போட்டு மரக் கரண்டியால் கிளறினார்கள். பழுப்பாவதற்கும் கருப்பாவதற்கும் நடுவே சரியான பக்குவத்தில் இறக்கணும். நம்ம ஊரில் மிளகாய் வறுப்பவர்களுக்கு அந்தப் பக்குவம் புரியும். பொடியை அரக்கோடு குழைத்து, தனுகி என்னும் விலங்கின் வயிற்று முடியால் செய்த மென்மையான தூரிகையால் கையாலேயே பூசினார்கள்.

இங்கே ஒரு சின்னத் தொழில்நுட்ப விளக்கம் தேவை. காந்தப் பொருள்மேல் ஒலி சமிக்ஞையை நேரடியாகப் பதித்தால் கோணலாகத்தான் பதியும். காரணம், மிகச் சின்ன காந்தப்புலத்துக்கு அந்தப் பொருள் சரியாக அசைந்து கொடுப்பதில்லை; ஓரளவுக்கு மேலே போனால்தான் சமிக்ஞைக்கு நேர் விகிதத்தில் காந்தமாகும். இதற்குத் தீர்வு, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்தை ஒலியோடு கலந்து பதிப்பது. பழைய வண்டியைத் தள்ளி நகர்த்திவிட்டால் பிறகு சுலபமாக ஓடுவது மாதிரி, பொருளை எப்போதும் அசைவிலேயே வைத்திருக்கும் வித்தை. ஜப்பானில் கென்ஸோ நாகாய் குழுவினர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். கையில் காசு இறுக்கமாக இருந்த தோட்சுகோ, இன்னொரு பெரிய நிறுவனத்தோடு பங்குபோட்டு அந்தக் காப்புரிமையை வாங்கியது. பின்னால் அமெரிக்க டேப் ரெக்கார்டர்களை ஜப்பானுக்கு இறக்குமதி செய்தவர்கள்மேல் இதை வைத்தே வழக்குப் போட்டுச் சில வருஷம் போராடிச் சாதகமாக முடித்தார்கள்.

வாணலிக் கதையை எல்லாரும் சொல்வார்கள். காப்புரிமைக் கதையைச் சொல்ல மாட்டார்கள். ரெண்டும் ஒரே டேப்போட ரெண்டு பக்கம்.

இல்லாதவை – 3: வாங்குகிற ஆள்

1950-இல் கருவி தயார். விலை சுமார் 1,60,000 யென். ஒரு பட்டதாரிக்கு மாதச் சம்பளம் 10,000 யென்கூட இல்லாத காலம். எடையும் ஒரு ஆள் தூக்கமுடியாத எடை. போகிற இடத்திலெல்லாம் குரலைப் பதிந்து போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் ரசித்தார்கள். யாரும் வாங்கவில்லை.

மோரிடா ஒருநாள் பழம்பொருள் கடை ஒன்றைத் தாண்டிப் போகிறார். உள்ளே ஒருவர் பழைய ஜாடி ஒன்றை, டேப் ரெக்கார்டர் விலையைவிட அதிகம் கொடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறார். மோரிடா அதை ஓசியில் கொடுத்தாலும் வாங்க மாட்டார். ஆனால் வாங்கியவருக்கு அதன் மதிப்பு தெரியும். நம்ம கருவியின் மதிப்பு தெரிந்த ஆள் யார் என்று தேடுவதுதான் விற்பனை என்று அவருக்கு உறைத்தது அங்கேதான்.

தேடினார்கள். போருக்குப் பிறகு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்களுக்குக் கடும் பஞ்சம். உச்ச நீதிமன்றம் 20 கருவிகளை வாங்கியது. அடுத்து பள்ளிக்கூடங்கள். கேட்டுப் பேசிப் பழகும் மொழிப் பாடங்களுக்கு இது தேவைப்பட்டது. அவர்களுக்காகவே சிறிய, விலை குறைந்த மாடல் வந்தது. பொருள் மாறுவதற்கு முன்பே, யாரிடம் போவது என்பது மாறியது.

இல்லாதவை – 4: டிரான்சிஸ்டர் செய்யும் அறிவு

1952-இல் அமெரிக்கா போன இபுகா, டிரான்சிஸ்டர் காப்புரிமையை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 25,000 டாலருக்கு உரிமம் தருவதாகக் கேள்விப்பட்டார். 1953-இல் மோரிடா போய் ஒப்பந்தம் போட்டார். காது கேட்கும் கருவிக்குத்தான் இது உதவும் என்பது அவர்கள் சொன்ன அறிவுரை. ஆனால் டாலரை வெளியே அனுப்ப ஜப்பானிய வர்த்தக அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். எங்களைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அமைச்சகம் மாதக்கணக்கில் இழுத்தது. 1954 தொடக்கத்தில்தான் அனுமதி வந்தது. ஜப்பான் தொழில் வளர்ச்சியை அமைச்சகம்தான் கைபிடித்து நடத்தியது என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் படிக்கலாம்.

வாங்கியது காப்புரிமை மட்டுமே, செய்முறை இல்லை. மோரிடாவின் தங்கை கணவர் கஸுவோ இவாமா அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்து படம் வரைந்து ராத்திரி ராத்திரியாகக் கடிதம் எழுதி அனுப்பினார். டோக்கியோவில் அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டே கருவிகள் செய்தார்கள்.

ரேடியோவுக்கு உயர் அதிர்வெண்ணில் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வேண்டும். 100 செய்தால் 5 தேறியது. அந்தத் தேர்ச்சி விகிதத்திலேயே ரேடியோ தயாரிப்பைத் தொடங்க இபுகா முடிவெடுத்தார். பெல் ஆய்வகம் முயன்று கைவிட்ட பாஸ்பரஸ் கலப்பு முறையை இவர்கள் விடாமல் முயன்று வெற்றி கண்டார்கள். 1957-இல் அங்கே சேர்ந்திருந்த லியோ எசாகி, பாஸ்பரஸ் அளவைக் கூட்டிய சோதனைகளின் வழியில் குவாண்டம் ஊடுருவல் விளைவைக் கண்டார். 1973-இல் அதற்கு நோபல் பரிசு. ரேடியோ செய்யப் போன இடத்தில் இயற்பியல்!

உலகின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ சோனியுடையது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. 1954 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அமெரிக்க ரீஜென்சி முந்திக்கொண்டது. மோரிடாவும் இதை ஒப்புக்கொள்கிறார். தோட்சுகோவின் ரேடியோ வந்தது 1955 ஆகஸ்டில்.

இல்லாதவை – 5: பெயர்

1955-இல் மோரிடா மாதிரி ரேடியோவோடு நியூயார்க்கில் கடை கடையாக ஏறினார். புலோவா நிறுவனம் 1,00,000 ரேடியோ வேண்டும் என்றது. தோட்சுகோவின் மொத்த முதலீட்டைவிடப் பல மடங்கு பெரிய ஆர்டர். ஒரே நிபந்தனை, மேலே புலோவா பெயர் இருக்கணும். டோக்கியோவில் கேட்டார், ஒத்துக்கொள் என்று பதில் வந்தது. மோரிடா மறுத்தார். ஐம்பது வருஷப் பெயரை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத பெயரை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, உங்கள் பெயரும் ஐம்பது வருஷம் முன்னால் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி வேறு யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓடுகிறது. அதில் தப்பொன்றும் இல்லை. அந்தக் காசில்தான் வீடு நடக்கிறது. ஆனால் ஒரு லட்சம் ரேடியோவுக்கு வேண்டாம் என்று சொல்ல எது வேண்டும் என்று யோசித்தால், வீரம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கொசுகயாவிலிருந்து வந்த, கதவைத் தட்டாத அந்தக் காசும் வேண்டும்.

அதே பயணத்தில் இன்னொரு சம்பவம். 150 கடை வைத்திருந்த ஒருவர் 5,000, 10,000, 30,000, 50,000, 1,00,000 என்று ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் விலைப்புள்ளி கேட்டார். மோரிடா அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 5,000-க்கு வழக்கமான விலை. 10,000-க்குக் குறைவு. 30,000-க்கு மறுபடி ஏறுகிறது. 50,000-க்கு, 5,000 விலையைவிட அதிகம். 1,00,000-க்கு அதற்கும் மேலே. வாங்க வந்தவர் இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

கணக்கு தெளிவானது. அப்போது அவர்களால் மாதம் 1,000 ரேடியோகூடச் செய்யமுடியாது. லட்சம் செய்யணும்னா புதுத் தொழிற்சாலை கட்டணும், ஆள் எடுக்கணும், பயிற்சி கொடுக்கணும். அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வராவிட்டால் கட்டியதும் எடுத்த ஆட்களும் சுமையாக நிற்கும். ஜப்பானில் நினைத்தபோது ஆளை வெளியே அனுப்பவும் முடியாது. அந்த அபாயத்தின் செலவையெல்லாம் அவர் விலையிலேயே சேர்த்துவிட்டார். கடைசியில் 10,000-க்குக் கை குலுக்கினார்கள். இரண்டு பேருக்கும் சரியான எண்ணிக்கை அதுதான்.

பெயருக்கு வருவோம். தோட்சுகோ என்பது அமெரிக்கர் வாயில் நுழையாது. ஒலிக்கான லத்தீன் சொல் 'சோனுஸ்', அமெரிக்கக் கொச்சையில் பையன் என்னும் 'சன்னி', இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஜப்பானியர் அதை 'சொன்னி' என்று படிப்பார்கள். 'சொன்' என்றால் நஷ்டம்! வியாபாரத்துக்கு அதையா வைப்பது? ஒரு எழுத்தை எடுத்தார்கள், சோனி ஆனது. 1958 ஜனவரியில் கம்பெனியின் பெயரே அப்படி மாறியது. பத்து வருஷம் வளர்த்த பெயரை மாற்றுவதா என்று வங்கி முணுமுணுத்தது. அதே வருஷம் நியூயார்க்கில் ஒரு கிடங்கில் புகுந்த திருடர்கள், மற்ற நிறுவனங்களின் சரக்கைத் தொடாமல் சுமார் 4,000 சோனி ரேடியோவை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். செய்தித்தாள்களில் வந்தது. அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கணக்கைக் கூட்டினால்

இருந்தவை: பொறுமையான குடும்பப் பணம், போர்க்காலத்தில் பழகிய தொழில்நுட்பக் குழு, அமைச்சரவை வரைக்கும் போகும் தொடர்பு. இல்லாதவை: புழங்கும் ரொக்கம், மூலப்பொருள், வாங்குகிற ஆள், செய்முறை அறிவு, பெயர்.

முதல் பட்டியலைக் காட்டி, ஓ, இவங்க பணக்காரப் பசங்க, அதான் ஜெயிச்சாங்க என்று சொல்லிவிடலாமா? அதுவும் பொய். போருக்குப் பிறகு டோக்கியோவில் பணமும் செல்வாக்கும் இருந்த குடும்பங்கள் நிறைய. வாணலியில் இரும்பு வறுக்க உட்கார்ந்தவர்கள் குறைவு. முதல் பட்டியல் அவர்களுக்குக் கொடுத்தது வெற்றியை இல்லை, தோற்பதற்கான அவகாசத்தை. அரிசிப் பானை தோற்றது, செல்லோபேன் தோற்றது, முதல் வருஷ விற்பனை தோற்றது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த மாசச் சம்பளம் போட முடிந்தது.

இது வெறும் வரலாற்றுத் திருத்தம் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னார். உதாரணம் காட்டியது சோனியை. அண்ணே, அவங்ககிட்ட என்ன இருந்துச்சு என்று கேட்டார். மேலே உள்ள இரண்டு பட்டியலையும் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உங்களுடையதைப் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம், மோரிடாவுக்கும் நீளம்தான். முதல் பட்டியல் காலியாக இருந்தால் வேலையை விடும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அவர் தள்ளிப்போட்டார்; இப்போது சனி, ஞாயிறுகளில் செய்கிறார். மோரிடாவும் முதலில் பகுதிநேரம்தானே.

புத்தகத்தை வாங்கிப் படிக்க நினைப்பவர்களுக்கு: மொத்தம் 9 அத்தியாயங்கள். நான் மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் முதல் மூன்றில் இருக்கிறது; அதை நிதானமாகப் படியுங்கள். நிர்வாகம், அமெரிக்க–ஜப்பானிய வேறுபாடு, உலக வர்த்தகம் என்று போகும் பிற்பகுதி 1986-இன் சண்டைகளில் நிற்கிறது. அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் அதிகம், ஜப்பானில் பொறியாளர்கள் அதிகம் என்கிற மாதிரி வாதங்களை இன்று சிரித்துக்கொண்டே தாண்டலாம். பீட்டாமேக்ஸ் வி.எச்.எஸ்.ஸிடம் தோற்ற கதையை அவர் எவ்வளவு சீக்கிரம் கடந்துபோகிறார் என்பதையும் பாருங்கள். வெற்றிகளுக்குக் கொடுத்த பக்கங்களோடு ஒப்பிட்டால் நினைவுக் குறிப்புகளை எப்படிப் படிப்பது என்பது புரிந்துவிடும். வாக்மன் கதையைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். அது இன்னொரு நாளைக்கு.